நவாபின் கடிதங்களோடு நாலு நாள்

ஊர் திரும்பி மூன்று நாளாகிறது, முழங்கால் வலி இன்னும் விடவில்லை. வழியில் நோட்டில் எழுதி வைத்ததை நாள்வாரியாக இங்கே போடுகிறேன்.

நான் 31 வருடம் வங்கியில் பயிர்க்கடன், நகைக்கடன் பிரிவில் இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் கடிதங்கள் கையில் கிடைத்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுக்குப் பாரசீகத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, 1777இல் லண்டனில் அச்சானவை. ஸ்கேன் பிரதியிலிருந்து அறுபது பக்கம் பிரிண்ட் எடுத்து மூன்று மாதம் படித்தேன். ஒவ்வொரு கடிதமும் நட்பு, விசுவாசம், கௌரவம் என்றுதான் தொடங்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் வருவார்கள். தஞ்சாவூர் வருமானத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இப்போது அதை என்னிடமிருந்து பிடுங்கினால் அவர்கள் கதி என்ன என்று கேட்பார். இந்த மாதிரிக் கடிதம் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கிறது. உருக்கமாக எழுதியிருக்கும், கடன் கொடுத்தவர் யார் என்பது மட்டும் தெளிவாக இருக்காது. அந்தக் கடிதங்களில் வரும் இடங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன். சென்னை

எழும்பூரில் இறங்கும்போதே தூறல். நடைமேடைக் கடையில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, 85 ரூபாய். வடை நேற்றையது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டை வாசலில் சோதனை. என் பையைத் திறந்த பெண் காவலர், "என்னம்மா இவ்வளவு பேப்பர்? மனு எதுவும் கொடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். பழைய நவாபின் கடிதங்கள் என்றேன். மேல் தாளை வாங்கி நாலு வரி படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இங்கதான் நடந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், தேவாலயத்துக்கு மழையில் நனையாமல் போகிற வழியைத் தானே வந்து காட்டினார்.

செயின்ட் மேரி தேவாலயம் 1680இல் கட்டி முடித்தது. உள்ளே நான் தேடிப் போனது லார்டு பிகட்டின் கல்லறையை. பெயரே இல்லாத ஒரு கல்லைக் காட்டுகிறார்கள். ஒரு சிலுவை, நினைவாக என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள், அவ்வளவுதான். இரண்டு முறை மதராஸ் கவர்னராக இருந்தவருக்கு ஒரு வரி கூட எழுதவில்லை.

அந்தக் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் கடிதங்கள் புரியாது. 1773இல் கம்பெனிப் படை நவாபுக்காகத் தஞ்சாவூரைப் பிடித்து, மராட்டிய மன்னர் துளஜாவைச் சிறை வைத்தது. மூன்று வருடம் தஞ்சை விளைச்சல் நவாபின் கையில். லண்டனில் இருந்த இயக்குநர்கள் இது தவறு, ராஜ்யத்தைத் துளஜாவிடமே திருப்பிக் கொடு என்று பிகட்டை அனுப்பினார்கள். 1776 ஏப்ரலில் அவர் போய்த் திருப்பியும் கொடுத்துவிட்டார். அப்போதுதான் பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர் ஒரு கணக்கை நீட்டினார். நவாப் தஞ்சை வருமானத்திலிருந்து தனக்கு ஒதுக்கிக் கொடுத்தது 1,62,000 பவுண்டு, தஞ்சாவூரில் தனி ஆட்களுக்குப் பயிரின் பேரில் கொடுத்தது 72,000 பவுண்டு. மொத்தம் 2,34,000. அவருடைய சம்பளம் வருடத்துக்குச் சில நூறு பவுண்டு!

என் வேலையில் இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தால் முதல் கேள்வி, இந்தப் பணம் உனக்கு ஏது என்பதுதான். கவர்னரோடு சேர்ந்து மதராஸை நிர்வகித்த கம்பெனிச் சபையிலும் ஆதாரம் கேட்டார்கள். நவாபே ஒப்புக்கொள்வார் என்பதுதான் அவர் வைத்த முக்கியச் சாட்சி. முதலில் கோரிக்கையைத் தள்ளிய சபை, சில நாளில் பெரும்பான்மை மாறி அதை ஏற்றுக்கொண்டது. பிகட் எதிர்த்து நின்றார். 1776 ஆகஸ்ட் 24 அன்று, சபைப் பெரும்பான்மையின் சார்பில் கம்பெனிப் படையின் கர்னல் ஸ்டூவர்ட் பகலில் பிகட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மாலையில் அவரோடு அதே வண்டியில் ஏறி, கோட்டைக்கு வெளியே வண்டியை நிறுத்த வைத்துக் கைது செய்தார். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களோடு சபை உறுப்பினர்களுக்கு என்ன தொடர்பு என்று அதற்குப் பிறகு இங்கிலாந்திலும் பேசாத ஆள் இல்லை. தஞ்சையைத் திருப்பிக் கொடுப்பதைத் தள்ளிப்போடப் பத்து லட்சம் பகோடா (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) வரை லஞ்சம் காட்டினார்கள் என்று பிகட்டின் தம்பி பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னார். பிகட் காவலிலேயே 1777 மே 11 அன்று இறந்தார். அவரை மறுபடி பதவியில் வைக்கும் உத்தரவு அவர் உயிரோடு இருக்கும்போது வந்து சேரவில்லை.

கல்லின் ஓரத்தில் மழைத் தண்ணீர் யாரோ மிதித்து வந்த தடமாக இருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை, அப்படியே விட மனம் வரவில்லை.

பக்கத்திலேயே கோட்டை அருங்காட்சியகம். கட்டடம் 1795இல் முடிந்தது, நவாப் இறந்த அதே வருடம். வியாபாரிகள் கூடி விலை பேசிய இடம் இது. மேலே மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெரிய ஓவியம். 1770இல் நவாபுக்கு அவர் அனுப்பிய கடிதத்தைச் சர் ஜான் லிண்ட்சே என்ற கடற்படை அதிகாரி கொண்டுவந்தார். கம்பெனியைத் தாண்டி மன்னரோடு நேரடி உறவு கிடைத்துவிட்டது என்று நவாப் நம்பினார். ராணி சார்லட்டுக்கு வைரங்கள் அனுப்பினார். அவற்றுக்கு இன்றைக்கும் ஆற்காடு வைரம் என்றுதான் பெயர். அந்த வருடங்களில் அவருடைய குதிரைப்படைக்குச் சம்பளம் பாக்கி.

மாலையில் சேப்பாக்கம். ஆட்டோக்காரர் 200 கேட்டார், 150க்கு வந்தார். அரண்மனையைச் சாலையிலிருந்துதான் பார்த்தேன். 1768 வாக்கில் எழுந்த கட்டடம். இதைக் கட்டிக் கொடுத்தவர் என்று சொல்லப்படுவது யார் தெரியுமா? அதே பால் பென்ஃபீல்ட். வீடு கட்டியவரே வட்டிக்கும் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி. ஆற்காடு

காலையில் கோயம்பேட்டிலிருந்து பேருந்து. ஆற்காட்டில் இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. நேற்றைய மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பாலாற்றங்கரையில் டில்லி வாசல் தனியாக நிற்கிறது. கோட்டை போய்விட்டது, வாசல் மட்டும் மிச்சம். 1751இல் கிளைவ் சுமார் 500 பேரோடு வந்து ஆற்காட்டைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். யாருக்காக என்பதை நாங்கள் அழுத்திப் படித்ததில்லை. அப்பா ஆம்பூர் போரில் 1749இல் கொல்லப்பட, திருச்சியில் போய் அடைந்து கிடந்த முகமது அலிக்காக. சந்தா சாகிபுக்கும் இவருக்கும் நவாப் பட்டத்துக்குப் போட்டி. ஜெயித்தது இவர். கம்பெனி அந்தப் போர்ச் செலவையெல்லாம் இவர் கணக்கில் எழுதியது. அந்தப் பாக்கியை அடைக்கக் கம்பெனி ஊழியர்களிடமே தனியாகக் கடன் வாங்கினார். முதலில் வட்டி நூற்றுக்கு 30, 36 வரை. அப்புறம் 25, 20 என்று இறங்கி, 1767இல் பழைய கடன்களை ஒன்றாகத் தொகுத்தபோது 10.

வட்டி குறைந்தது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தொகுக்கும்போது என்ன நடக்கும் என்று கடன் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும். பழைய அசல், கட்டாத வட்டி, வாங்கினானோ இல்லையோ என்று சந்தேகமான தொகை எல்லாம் சேர்ந்து புதுப் பத்திரத்தில் சுத்தமான அசலாக உட்கார்ந்துவிடும். 1767 தொகுப்பு 8,80,000 பவுண்டு. அப்புறம் குதிரைப்படைக் கடன் 1,60,000. 1777 தொகுப்பு 24,00,000. கடைசித் தொகுப்பில் உண்மையில் கடன் கொடுத்தவர்கள் யார் என்பதே மர்மம்.

வாசல் நிழலில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சர்வே ஆபீஸுங்களா?" இல்லை என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடித்தார். வாசலுக்கு மேலே இருக்கும் அறையைக் காட்டி, அது கிளைவ் தூங்கின ரூம் என்று அவர் தாத்தா சொல்வாராம். நவாப் எங்கே இருந்தார் என்று கேட்டேன். "அவரு மெட்ராஸுக்குப் போயிட்டாரே" என்றார், போன மாதம் குடிபோனவரைச் சொல்வதுபோல.

மதியம் சீரகச் சம்பா பிரியாணி, கத்தரிக்காய் கொத்சு, 180 ரூபாய். அப்புறம் இந்த ஊருக்கு வந்துவிட்டு மக்கன் பேடா சாப்பிடாமல் போகக் கூடாது. கடைக்காரர் பாய் பாகிலிருந்து ஒன்றை எடுத்து, கரண்டி விளிம்பால் இரண்டாக வெட்டிக் காட்டினார். குலாப் ஜாமூன் மாதிரி வெளியே கருஞ்சிவப்பு, தட்டையான உருவம், நடுவில் முந்திரியும் பாதாமும் திராட்சையும் நெருக்கமாகப் பொதிந்திருந்தன. கரண்டி இறங்கும்போது கொஞ்சம் கூட எதிர்ப்பே இல்லை. "நவாப் காலத்துலேர்ந்து செய்றது, எங்க வாப்பா கை வேற, என் கை வேற" என்றார். ஒன்று 25. ஒரு டப்பா வாங்கினேன். காசு வாங்கிய பிறகு இன்னொன்றை எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து, "வழிக்கு, அக்கா" என்று கொடுத்தார்.

கிளம்புமுன் திப்பு மஸ்தான் அவுலியா தர்காவையும் பார்த்தேன். திப்பு சுல்தானுக்குப் பெயர் வந்தது இந்த மகான் பேரால்தான். நாளைய ஊரில் திப்புவின் பெயர் மறுபடி வரும்.

ஆகஸ்ட் 23, சனி. திருச்சி

பெரம்பலூருக்கு முன்னால் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். ஒரு கல்லூரிப் பெண் தன் குடையை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கூட என்னைக் கேட்கவும் இல்லை, நான் நன்றி சொல்ல இடம் கொடுக்கவும் இல்லை. மக்கன் பேடா டப்பாவில் பாகு கசிந்து பையில் இருந்த கடிதப் பிரதிகளில் எட்டு பக்கம் ஒட்டிக்கொண்டது.

நத்தர்வலி தர்காவுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. வாசலில் பூக்காரம்மா செருப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், காசு வேண்டாம் என்றார். பூ வாங்கினேன், 20 ரூபாய்.

வாலாஜா 1795 அக்டோபர் 13 அன்று மதராஸில் இறந்தார். அடக்கம் இங்கே. அதே வளாகத்தில் சந்தா சாகிபின் கல்லறையும் இருக்கிறது. எவரை ஜெயிக்க அவ்வளவு கடன் வாங்கினாரோ, அவர் பக்கத்திலேயே வந்து படுத்திருக்கிறார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, தூணோரம் உட்கார்ந்துவிட்டேன். நவாப் மேல் மூன்று மாதமாக எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்தது உண்மை.

அவர் இறந்த பிறகும் கடிதங்கள் விடவில்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்புவின் காகிதங்களில், நவாபும் அவர் மகன் உம்தத் உல் உமராவும் திப்புவின் தூதர்களோடு ரகசியமாகப் பேசியதற்குத் தடயம் என்று சில கிடைத்தன. ஒரு சங்கேதக் குறிப்பும் இருந்தது. அதில் ஆங்கிலேயருக்குப் பெயர் புதிதாக வந்தவர்கள், நிஜாமுக்குப் பெயர் ஒன்றுமில்லாதவர். கடன் தேறாமல் இழுத்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு அது போதுமானதாக இருந்தது. 1801 ஜூலையில் மகனும் இறக்க, அதே மாதம் 31ஆம் தேதி கர்நாடக ராஜ்யத்தின் (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை, ஆற்காடு நவாபின் ஆட்சிப் பகுதிக்கு அப்போது அந்தப் பெயர்) நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்கு எழுதி வாங்கப்பட்டது. அந்தக் காகிதங்கள் துரோகத்தை நிரூபிக்கின்றன என்று எனக்குத் தோன்றவில்லை. மரியாதைப் பேச்சும் மனக்குறையும்தான் அதிகம்.

ராத்திரி ஒட்டிய பக்கங்களை ஃபேன் காற்றில் பிரித்து வைத்துவிட்டுத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு. தஞ்சாவூர்

பிகட் கைதான தேதி. திட்டமிட்டு வரவில்லை, காலையில் நோட்டில் தேதி எழுதும்போதுதான் உறைத்தது.

அரண்மனை தர்பார் மண்டபத்தில் நிறங்கள் மங்கியிருந்தாலும் கண்ணை இழுக்கின்றன. துளஜாவும் கடனுக்குத் தப்பியவர் இல்லை. நவாபுக்குக் கட்டவேண்டிய பாக்கி கழுத்தை நெரித்தபோது 1773இல் நாகூரை டச்சுக்காரர்களுக்கு விற்றார். ராஜ்யம் திரும்பக் கிடைத்ததற்கும் விலை உண்டு, கம்பெனிப் படையின் செலவுக்கு வருடம் 4 லட்சம் பகோடா. சரஸ்வதி மகால் காட்சிக்கூடத்தில் மராட்டியை எழுதப் பயன்பட்ட பழைய மோடி எழுத்துத் தாள் ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றேன். பேனாவை எடுக்காமல் ஓடுகிற எழுத்து. ஒரு அட்சரம் கூட எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வலப்பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கியது கணக்கு மாதிரியே இருந்தது.

மதியம் திருவையாறுக்கு அசோகா அல்வா வாங்கப் பேருந்து ஏறினேன். வழியில் வண்டியை ஓரம் கட்டினார்கள், ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. முன்னதாக நட்ட குறுவை, மற்ற வயலெல்லாம் இன்னும் பால் பிடிக்கிற பருவம். இறங்கிவிட்டேன். கொஞ்சம் நடக்கவேண்டும் போல இருந்தது.

எட்மண்ட் பர்க் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1785 பிப்ரவரி 28 அன்று இந்தக் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். ஆராயாமலே எல்லாக் கடனையும் ஏற்றுக்கொண்டு வருடம் 4,80,000 பவுண்டு கர்நாடக வருமானத்திலிருந்து கட்ட முடிவானதை எதிர்த்த பேச்சு. நம் ஊரைப் பார்த்ததே இல்லாத அந்த மனிதர் நம் ஏரிகளைப் பற்றி அங்கே பேசியிருக்கிறார். முன்னோர் வெட்டி வைத்த ஆயிரக்கணக்கான ஏரிகளை, பிள்ளைகளுக்காகச் சேர்த்த சொத்து மாதிரி. எதிர்த்தவர்களின் தீர்மானம் தோற்றது. பணம் கட்டப்பட்டது. இந்தக் கோரிக்கைகள் இத்தனை மதிப்பா என்று பிற்பாடு 1805இல் ஒரு ஆணையம் உட்கார்ந்து வருடக்கணக்கில் பார்த்தது. 3 கோடி பவுண்டுக்கு மேல் வந்த கோரிக்கைகளில் தேறியது சுமார் 27 லட்சம். பென்ஃபீல்ட் 1810இல் பாரீஸில் ஒன்றுமில்லாமல் இறந்தார். அறுபது பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், பயிரை விளைவித்தவர் ஒருவர் பெயர் கூட வரவில்லை. அவர்கள் வயல்தான் ஈடு.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். தண்ணீர் கேட்டேன், சொம்பில் மோர் கொடுத்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் இரண்டு நாளாகக் காய வைக்கிறாராம், சாயங்காலம் மழை வந்தால் தார்ப்பாய்தான் கதி. பேச்சு கடனுக்கு வந்தது. வங்கியில் இருந்தேன் என்றதும் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அட்டை போய், ரப்பர் பேண்ட் போட்ட நோட்டு. அறுப்பு மெஷின் வாடகை, உரக்கடை பாக்கி, அப்புறம் தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கிய 40,000, மூணு வட்டி.

"அஞ்சு மாசம் ஆச்சும்மா. அவரு 6,600ன்னு சொல்றாரு. எனக்கு ஒத்து வரல, கேக்கவும் கூச்சமா இருக்கு. நீங்க போட்டுப் பாருங்களேன்."

மூணு வட்டி, வருடத்துக்கு 36. வரப்பில் உட்கார்ந்து பாகு ஒட்டிய ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் போட்டேன். மாதம் 1,200. ஐந்து மாதத்துக்கு 6,000.

அவர் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். கூட்டலை விரல் மடக்கி ஒரு தடவை தானே சரிபார்த்தார். பிறகு கிழக்கே இருண்டு வந்த மேகத்தைப் பார்த்துவிட்டு, தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்து ரப்பர் பேண்டைப் போட்டார். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இருவருமாக இழுத்து நெல்லை மூடினோம்.